கொம்பு அறுபடாத உடல்கள்: பிலானஸ்பெர்க் யானை–காண்டாமிருக மோதல் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஆப்பிரிக்காவில் ஒரு காண்டாமிருகம் செத்துக் கிடந்தால் வனக்காவலர் கண் முதலில் போவது அதன் மூக்குக்குத்தான். கொம்பு அறுபட்டிருந்தால் கள்ள வேட்டை. பிறகு ஆளைத் தேடும் வேலைதான் மிச்சம். 1990களில் தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பெர்க் தேசியப் பூங்காவில் அடுத்தடுத்துக் கிடைத்த வெள்ளைக் காண்டாமிருக உடல்களில் கொம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. கொம்புக்காகவே கொல்லப்படும் விலங்கு அது. கொம்பைத் தொடாமல் போயிருக்கிறான் என்றால் கொன்றவன் மனிதனாக இருக்க வாய்ப்பில்லை.

அடுத்த துப்பு காயங்கள். தோளிலும் முதுகிலும் கழுத்தின் மேற்புறத்திலும் ஆழமான குத்துகள். இரண்டு காண்டாமிருகங்கள் மோதிக்கொண்டால் தலையைத் தாழ்த்திக் கீழிருந்து மேலே தூக்கிக் குத்தும். காயம் விலாவிலும் வயிற்றிலும் விழும். இங்கே குத்து மேலிருந்து இறங்கியிருந்தது. சிங்கத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. வளர்ந்த வெள்ளைக் காண்டாமிருகத்தைச் சிங்கம் சாய்ப்பது மிக அரிது. சாய்த்தாலும் தின்னாமல் விடாது. இரண்டு டன் விலங்கின் முதுகுக்கு மேல் நின்று கூரான எதையோ உள்ளே இறக்கக்கூடிய உயிர் அந்தப் பூங்காவில் யானை ஒன்றுதான்.

ஊகம் சீக்கிரமே நேரடிச் சாட்சியமாகவும் மாறியது. இளம் ஆண் யானைகள் காண்டாமிருகங்களை விரட்டிப்போவதையும், தந்தத்தால் குத்துவதையும், விழுந்ததன் மேல் மண்டியிட்டு அழுத்துவதையும் பார்த்தவர்கள் இருந்தார்கள். இனச்சேர்க்கைபோல மேலே ஏற முயன்றதும் பதிவாகியிருக்கிறது. 1992 முதல் 1997 வரை அந்தப் பூங்காவில் இப்படிச் செத்த வெள்ளைக் காண்டாமிருகங்கள் 40க்கும் மேல். பதினாறு மாதம் சுமந்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு குட்டி மட்டும் ஈனும் இனத்துக்கு இது பெரிய இழப்பு. தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்காவின் இம்ஃபோலோசிப் பகுதியில் மட்டும் சொற்ப எண்ணிக்கையில் எஞ்சி, அங்கிருந்து மீட்டெடுக்கப்பட்ட இனம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

போட்டி என்றால் எப்படி இருக்கும்

இரண்டு இனங்கள் மோதினால் இரைக்கோ தண்ணீருக்கோ இடத்துக்கோ போட்டி என்று எழுதிவிடுவது வழக்கம். பல இடங்களில் அது சரிதான். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு 1995-லும் 1996-லும் ஓநாய்கள் திரும்பக் கொண்டுவரப்பட்டபோது, அதுவரை அங்கே கோலோச்சிய, ஓநாயைவிடச் சிறிய காட்டு நாய் இனமான கொயோட்டிகளை அவை தேடிப்போய்க் கொன்றன. லாமர் பள்ளத்தாக்கில் சில ஆண்டுகளில் கொயோட்டிகள் ஏறத்தாழப் பாதியாகிவிட்டன. பெரும்பாலும் ஓநாய் கொன்ற கொயோட்டியைத் தின்பதில்லை. தன் இரையின் பக்கத்தில் வந்து நிற்கும் இன்னொரு வாயை ஒழிப்பதுதான் அங்கே ஆதாயம்.

தான்சானியாவின் செரெங்கெட்டியில் சிவிங்கிப்புலிக் குட்டிகளைச் சிங்கங்கள் கொல்வதும் இந்த வகைதான். 1990களில் வெளிவந்த ஆய்வுகளின்படி, அங்கே பிறக்கும் சிவிங்கிப்புலிக் குட்டிகளில் தாயைப் பிரிந்து தனியே வாழும் வயதை எட்டியவை இருபதில் ஒன்று. சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் உள்ள பகை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதில் யார் திருடர் என்பதில் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. 1960களில் விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் அதே நாட்டின் இங்கோரோங்கோரோவில் இரவு இரவாகப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அங்கே வேட்டையாடியது பெரும்பாலும் கழுதைப்புலிகள். விடியற்காலையில் அதைப் பறித்துத் தின்றவை சிங்கங்கள்.

இப்படிப்பட்ட பகைகளில் திரும்பத் திரும்பத் தெரியும் சில அடையாளங்கள் உண்டு. இருவர் உணவும் ஒன்றோடொன்று வெகுவாகக் கலந்திருக்கும். கொல்பவர் எடையில் கணிசமாகப் பெரியவராக இருப்பார், ஆனால் சின்னவரைப் பொருட்படுத்தாமல் விடும் அளவுக்குப் பெரியவராக அல்ல. கொல்வதில் ஆபத்து குறைவு. அதனால்தான் குட்டிகள் மேல் முதலில் கைவைக்கிறார்கள்.

பிலானஸ்பெர்க் இதில் எதிலும் பொருந்தவில்லை. வெள்ளைக் காண்டாமிருகம் அகன்ற உதடால் குட்டைப்புல்லை மட்டும் மேய்வது. யானை தழை, பட்டை, கிளை, நெடும்புல் என்று எதையும் தின்னும். குட்டைப்புல்லுக்காகக் காண்டாமிருகத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய தேவை அதற்கு இல்லை. தண்ணீர்க்கரையில் உரசல் வருவதுண்டு. யானை காதை விரித்து இரண்டடி முன்னே வைத்தால் காண்டாமிருகம் முனகிக்கொண்டே விலகும். ஆப்பிரிக்கா முழுக்க நூற்றாண்டுகளாக இப்படித்தான் தீர்ந்துவந்திருக்கிறது. எடையில் பார்த்தாலும் பதினெட்டு வயது ஆண் யானை மூன்று டன்னைச் சுற்றித்தான் இருக்கும். எதிரே நிற்பது இரண்டு டன், முன்னால் கூரிய கொம்பு. ஆதாயம் எதுவும் தெரியாத, ஆபத்து நிறைந்த தாக்குதல். கொன்றவை எல்லாம் ஏன் இளம் ஆண்களாகவே இருந்தன என்பதற்கும் போட்டி என்ற விளக்கத்தில் பதில் இல்லை. காரணம் யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் நடுவில் இல்லை, யானைகளுக்கு உள்ளேயே இருக்கிறது என்பதுதான் இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

யானைகள் வந்த விதம்

பிலானஸ்பெர்க் நூறு கோடி ஆண்டுக்கும் முந்தைய எரிமலை ஒன்றின் எச்சம். வட்ட வட்டமாகக் குன்றுகள். 1979-ல், இனவெறி ஆட்சிக்காலத்தில் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட பொபுதாட்ஸ்வானா என்ற பகுதியின் நிர்வாகத்தின் கீழ், பண்ணை நிலமாக இருந்ததை வேலி போட்டுப் பூங்காவாக்கினார்கள். விலங்குகள் ஏறக்குறைய இல்லாத நிலம். ஆறாயிரம் அளவில் விலங்குகளை வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தக் காலத்தில் உலகிலேயே பெரிய விலங்கு இடமாற்றங்களில் அதுவும் ஒன்று.

யானைகள் குரூகர் தேசியப் பூங்காவிலிருந்து வந்தன. குரூகரில் யானைகள் ஏழாயிரத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு கணக்கு வைத்து, 1967 முதல் 1994 வரை ஆண்டுதோறும் சுட்டுக் குறைத்தார்கள். மொத்தம் 14,000க்கும் மேல். ஹெலிகாப்டரிலிருந்து ஊசி எய்து கூட்டத்தை வீழ்த்தி, பிறகு சுடுவார்கள். பல ஆண்டுகள் பயன்பட்ட மருந்து சக்சினைல்கோலின். அது தசையை முடக்கும், உணர்வைப் போக்காது. பிரிந்து நிற்பவை துயரப்படும் என்று காரணம் சொல்லிக் குடும்பம் குடும்பமாகத்தான் முடிப்பார்கள். சின்னக் குட்டிகளை மட்டும் விட்டுவைத்தார்கள், புதிய பூங்காக்களுக்கு அனுப்புவதற்காக. வண்டி வரும்வரை செத்த தாயின் உடலோடு சேர்த்துக் குட்டியைக் கட்டிவைப்பதும் நடந்திருக்கிறது.

ஏன் குட்டிகள் மட்டும்? இதில் உணர்ச்சிக்கு இடமே இல்லை. வண்டியும் கிரேனும்தான் காரணம். வளர்ந்த யானையை மயக்கி ஏற்றி நெடுந்தூரம் கொண்டுபோகும் வசதி 1980களில் இல்லை. முழுக் குடும்பங்களை இடம்மாற்றும் முறை 1993-ல் ஜிம்பாப்வேயின் கோனரெஜோவில் வறட்சியின்போதுதான் பெரிய அளவில் கைவந்தது. ஆக, பிலானஸ்பெர்க்கில் இறங்கியது யானைக் கூட்டமே இல்லை. குடும்பம் கண்ணெதிரே சாகக் கண்ட அனாதைக் குட்டிகளின் ஒரு தொகுப்பு. அமெரிக்காவில் பழக்கி வளர்க்கப்பட்ட இரண்டு பெண் யானைகளை 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்து விட்டார்கள். குட்டிகள் அவற்றைச் சுற்றிச் சேர்ந்துகொண்டன. வளர்ந்த ஆண் யானை ஒன்றுகூட இல்லை. அப்போது அதை ஒரு குறையாக யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. ஆண் யானை தனியன், இனப்பெருக்க நேரத்தில் மட்டும் கூட்டத்தோடு சேர்வது என்பதே அன்றைய பாடம்.

மதம்

நம்மில் பலர் யானைக்குப் பிடிக்கும் மதத்தை ஒருவிதப் பைத்தியமாக நினைக்கிறோம். அது ஆண் யானையின் இனப்பெருக்கப் பருவம். ஆண்டுக்கு ஒருமுறை வந்து போவது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே வீங்கிய கன்னச் சுரப்பியிலிருந்து பிசுபிசுப்பான நீர் வாயோரம் வரை கோடாக வழிந்து கறுக்கும். சிறுநீர் சொட்டிக்கொண்டே இருப்பதால் பின்னங்கால்களின் உட்புறம் நனைந்து கிடக்கும். குறியின் உறை பச்சை பூத்திருக்கும். தலை உயர்ந்து நிற்கும், நடை மாறும், காற்று முழுக்க அந்த நெடி அடிக்கும். ஆண் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன் பல மடங்கு ஏறியிருக்கும்.

ஆசிய யானைக்கு மதம் பிடிப்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தெரியும். ஆப்பிரிக்க யானைக்கு அது உண்டு என்பதையே அறிவியல் உலகம் 1981-ல்தான் ஒப்புக்கொண்டது. கென்யாவின் அம்போசெலியில் யானை ஆய்வாளர்கள் சிந்தியா மோஸும் ஜாய்ஸ் பூலும் முதலில் அதைப் பார்த்தபோது ஏதோ நோய் என்றுதான் எண்ணினார்கள், அதற்குப் பச்சைக்குறி நோய் என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார்கள். பிலானஸ்பெர்க்கில் முதல் குட்டிகள் வந்து இறங்கிய காலமும் அதுவே. ஆண் யானை எப்படி வளர்கிறது என்பதைப் பற்றிய அறிவு அந்த அளவில்தான் இருந்தது.

அம்போசெலியில் பிறகு தெளிவான ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஆண் யானைக்கு முதல் மதம் வருவது சாதாரணமாக 25 முதல் 30 வயதுக்குள். அப்போது சில நாள், சில வாரம்தான் நீடிக்கும்; நாற்பதைத் தாண்டிய பெரிய கொம்பனுக்கே இரண்டு முதல் நான்கு மாதம். இன்னொன்றையும் பூல் கண்டார். மதம் பிடித்த இளைய ஆண் தன்னைவிடப் பெரிய, மதம் பிடித்த ஆணை எதிர்கொண்டால் அதன் மதம் அடங்கிவிடும். சில சமயம் நிமிடக்கணக்கில் சிறுநீர் சொட்டுவது நின்று, தலை தாழ்ந்துவிடும்.

பிலானஸ்பெர்க்கின் அனாதைகளுக்கு மதம் பதினெட்டு வயதிலேயே வந்துவிட்டது. சிலவற்றுக்கு ஐந்து மாதம் வரை இறங்கவே இல்லை. அடக்கப் பெரியவர் யாருமில்லை.  ஐந்து மாதம் அந்த நிலையில் திரியும் மூன்று டன் விலங்கு யார் மேல் போய் விழும் என்பதுதான் மிச்சக் கேள்வி. ஏன் காண்டாமிருகம் என்பதற்கு உறுதியான விடை கிடையாது. என் யோசனை இது: வரிக்குதிரையும் மானும் ஓடிவிடும். வெள்ளைக் காண்டாமிருகத்துக்குக் கண் மங்கல். ஆபத்து என்றால் பின்பக்கத்தைப் பின்பக்கத்தோடு ஒட்டி வெளிப்பக்கம் பார்த்து நின்றுவிடும் பழக்கம் அதற்கு உண்டு. அங்கிருந்த விலங்குகளில் யானையின் நிறத்திலும் பருமனிலும் ஓரளவு பக்கத்தில் வருவதும், விரட்டினால் நிற்பதும் அதுதான்.

ஆறு கொம்பன்கள்

தாக்குதலில் ஈடுபட்டதாக அடையாளம் காணப்பட்ட சில யானைகளைச் சுட்டார்கள். அது தீர்வாகவில்லை. ஒன்று போனால் அடுத்ததுக்கு மதம் ஏறும் வயது வந்துகொண்டே இருந்தது.

1998-ல் குரூகரிலிருந்து முழு வளர்ச்சியடைந்த ஆறு ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குள் பெரிய யானையை ஏற்றி இறக்கும் வண்டிகள் வந்திருந்தன. பிறகு நடந்ததை ராப் ஸ்லோடோவ், கஸ் வான் டைக், ஜாய்ஸ் பூல் உள்ளிட்ட குழு 2000-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இரண்டே பக்கத்தில் எழுதியது. இளம் ஆண்களுக்கு மதம் பிடிக்கும் வாய்ப்பு குறைந்தது, பிடித்தாலும் காலம் சுருங்கியது. காண்டாமிருகச் சாவுகள் நின்றன.

இந்தச் செய்தி பத்திரிகைகளில் பரவியபோது, தந்தையில்லாமல் தறிகெட்ட பிள்ளைகளைத் திருத்திய பெரியவர்கள் என்ற கதையாக மாறிவிட்டது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண் யானை தன் குட்டியை வளர்ப்பதே இல்லை. அந்த ஆறும் யாருக்கும் தந்தையல்ல, அறிமுகம்கூட இல்லாதவை. அவை யாருக்கும் எதையும் கற்றுத்தரவும் வேண்டியிருக்கவில்லை. அங்கே இருந்ததே போதும். பெரியவன் ஒருவன் எதிரே வந்தால் இளையவன் உடலில் சுரப்பு இறங்குகிறது. அன்பும் கண்டிப்பும் கலந்த வளர்ப்பு என்று இதைப் படித்தால் காரணத்தைத் தவறவிட்டுவிடுவோம். அதேநேரம், பன்னிரண்டு பதினைந்து வயதில் தாய்க்கூட்டத்தை விட்டு வெளியேறும் இளம் ஆண்கள் மூத்த ஆண்களைத் தேடிப்போய்ச் சேர்கின்றன என்பது வேறு ஆய்வுகளில் நன்றாகவே தெரிந்திருக்கிறது. கற்பதும் நடக்கலாம். பிலானஸ்பெர்க்கில் அளந்தது அதை அல்ல, மதத்தின் காலத்தை.

எவ்வளவு நம்பலாம்

ஒரே பூங்கா. முன்பு, பின்பு என்ற ஒப்பீடு. ஆறு கொம்பன்கள் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க இன்னொரு பிலானஸ்பெர்க் கிடையாது. மோசமானவை சிலவற்றை ஏற்கெனவே சுட்டிருந்தார்கள். மற்றவற்றுக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. இந்த ஐயங்கள் நியாயமானவை. இவற்றுக்கு எதிரே நிற்பது இரண்டு விஷயம். முதலாவது, சாவு எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு சொல்லவில்லை. தனித்தனி யானைகளின் மதக்காலம் சுருங்கியதையே பதிவு செய்திருக்கிறார்கள். வயது கூடினால் மதக்காலம் நீளவேண்டும், இங்கே குறுகியது. இரண்டாவது, ஹ்லுஹ்லுவே–இம்ஃபோலோசிப் பூங்காவிலும் அதே குரூகர் அனாதைகள், அதே வகைக் காண்டாமிருகச் சாவுகள்.

வேலியில்லாத நிலத்திலும் இது ஓரளவு தெரிகிறது. போட்ஸ்வானாவின் மக்கடிக்கடி பான்ஸ் பகுதி ஏறக்குறைய ஆண் யானைகளே நடமாடும் இடம். அங்கே கோனி ஆலன் குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வில், மூத்த ஆண்கள் குறைவாக இருந்த சமயங்களில் யானையல்லாதவற்றின் மேல், அதாவது வண்டிகள், மற்ற விலங்குகள் மேல், யானைகள் காட்டிய மூர்க்கம் கூடியிருந்தது. அனாதைகளும் இல்லை, படுகொலையின் நினைவும் இல்லை. பெரியவர் பக்கத்தில் இல்லை என்பது மட்டும் பொது. பெரிய தந்தத்துக்காக மூத்த கொம்பன்களையே குறிவைத்துச் சுடும் பரிசு வேட்டைக்கு, இனப்பெருக்க வயதைத் தாண்டிய கிழடுகள்தானே என்று நியாயம் சொல்கிறவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்கலாம்.

வேறு இனங்களில் இதற்குப் பக்கத்தில் வருவது கடலில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மோரே வளைகுடாவில் 1990களில் கரையொதுங்கிய போர்பாய்ஸ் என்ற சிறு கடல் பாலூட்டிகளின் உடலில், விலா முறிவும் வரிசையான பல்தடங்களும் இருந்தன. பல் இடைவெளியை அளந்தபோது டால்பினோடு பொருந்தியது. கொன்றவை தின்னவில்லை. கலிஃபோர்னியாக் கரையில் பிறகு நேரில் பார்த்த தாக்குதல்களில் ஏறக்குறைய எல்லாமே ஆண் டால்பின்கள். அங்கும் விவாதம் இரைப் போட்டியா, இளம் ஆண்களின் உள்விவகாரமா என்று ஓடுகிறது.

காபோனின் லோவாங்கோவில் 2019-ல் சிம்பன்சிகள் கொரில்லாக் குடும்பங்களை இருமுறை சூழ்ந்து தாக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு கொரில்லாக் குட்டியைக் கொன்றன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அதே காட்டில் இரு இனங்களும் பலமுறை அமைதியாகச் சந்தித்திருந்தன. காங்கோவின் கூவலூகோவில் இருபதாண்டுப் பதிவுகளில் சிம்பன்சிகளும் கொரில்லாக்களும் ஒரே மரத்தில் பழம் தின்று, குட்டிகள் சேர்ந்து விளையாடியும் இருக்கின்றன. இரு இனங்களுக்குள் பகை என்று பொதுப்படையாகச் சொல்வது எவ்வளவு குறைவாகச் சொல்வது என்பதற்கு இந்த இரண்டு காடுகளும் போதும்.

பெண் யானைகள்

பிலானஸ்பெர்க்கைப் பற்றிய பேச்சு 1998-லேயே சுபமாக முடிந்துவிடுகிறது. பெண் யானைகளை யாரும் பார்க்காததால் அப்படி. அவை யாரையும் கொல்லவில்லை, அதனால் கோப்பும் திறக்கவில்லை.

2013-ல் கிரேம் ஷானன், கேரன் மெக்கோம்ப், ஸ்லோடோவ் முதலானோர் வெளியிட்ட ஆய்வு அதைப் பார்த்தது. அம்போசெலியிலும் பிலானஸ்பெர்க்கிலும் பெண் யானைக் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வைத்து யானைக் குரல்களைக் கேட்கவிட்டார்கள்: தெரிந்த குரல், அந்நியக் குரல், இளையவள் குரல், மூத்தவள் குரல். அந்நியக் குரல் கேட்டால், அதுவும் வயதில் பெரியவளின் குரலாக இருந்தால், அம்போசெலிக் கூட்டங்கள் குட்டிகளை நடுவில் விட்டு நெருங்கி நின்றன; தும்பிக்கையைத் தூக்கி மோந்தன. எந்தக் குரல் எவ்வளவு ஆபத்து என்ற கணக்கு அவற்றுக்குத் தெரிந்திருந்தது. பிலானஸ்பெர்க் கூட்டங்கள் எந்தக் குரலுக்கும் ஒரு முறையில்லாமல் நடந்துகொண்டன. தெரிந்தவளையும் அந்நியளையும், சின்னவளையும் பெரியவளையும் அவை பிரித்தறிந்ததற்கான தடயம் இல்லை. அனாதைகள் வந்து இறங்கி இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆண்களின் சிக்கலுக்கு ஆறு யானைகளை லாரியில் ஏற்றிவரப் போதுமாக இருந்தது. ஒரு கூட்டத்தின் மூத்த பெண் பல பத்தாண்டுகளில் சேர்க்கும் இந்த அறிவை வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்க இன்றுவரை யாரிடமும் வழி இல்லை.